மழைக்கு மூடிய கற்கள்

நான் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பேன். அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வருவேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தின கத்தலில் ஒரு கம்பெனியே ஓடி வந்தது. அன்றைக்கு மட்டும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அப்போது நான் சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் ஒரு சாம்பல் கல் கம்பெனியில் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்துக்குச் சாம்பல் கல் புதுசு. செங்கல் தெரியும், கருங்கல் தெரியும். சாம்பலில் கல் செய்யலாம் என்று சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்த குடும்பம். தூத்துக்குடியில் கரண்டுக்காக நிலக்கரி எரித்த சாம்பல் டிப்பர் லாரியில் வரும். தொட்டால் மைதா மாவு மாதிரி இருக்கும். உரத் தொழிற்சாலையில் மிஞ்சின ஜிப்சம் வரும். வெல்டிங்குக்கு கேஸ் நிரப்புகிற இடத்தில் மிஞ்சின சுண்ணாம்புச் சேறு வரும். அழுகின பூண்டு மாதிரி நாறும். கல் உடைக்கிற கிரஷரில் மிஞ்சின தூள் வரும். எல்லாம் யாரோ வேண்டாம் என்று கொட்டினது. இந்த நாலையும் மிக்சரில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைத்து, மிஷினில் அமுக்கினால் கல். அண்ணாச்சி வருகிறவர்களிடம் எல்லாம், "ஊரு கழிச்சுப் போட்டதத்தான் நான் வீடாக்குறேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

கம்பெனி ஆரம்பித்தபோது மிஷின் விற்றவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பத்து நாள் தங்கி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். போகும்போது ஒரு தாளை ஷெட் சுவரில் ஒட்டினார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துக்கூட்டி வாசித்தேன். இருபத்தொரு நாள் கல் நனைய வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இது செங்கல் இல்லீங்க. இதுக்கு நெருப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். தண்ணி குடிச்சாத்தான் இறுகும். காய விட்டீங்கன்னா அதோட செத்துடும்" என்றார் அவர்.

பெண்கள் செட்டுக்குத் தலைவியாக இருந்தவர் எனக்கு மதினி முறை. வாய் நிற்காது. "இதென்ன கல்லா, நாத்தா? தண்ணி ஊத்தி வளக்கச் சொல்லுதாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வேலைக்கு வந்த அத்தனை பேரும் வெடிக் கம்பெனியிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ இருந்து வந்தவர்கள். எங்கள் கைக்குத் தெரிந்தது காயப்போடுவது ஒன்றுதான். நானே எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் காயப்போடுகிற மேடையில் நின்றவன். சிமெண்டுத் தளத்தில் வெடியைப் பரப்பி, கிண்டி, வெயிலைப் பார்த்து அள்ளுகிற வேலை. கண் வெடியில் இருக்கும், காது மேகத்தில் இருக்கும். ஒரு துளி மேலே விழுந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கெடும். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிக்குள் போகிற கலவையை. ஈரத்தில் சூடேறித் தானாகப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். அப்படிப் பிடித்ததை ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நான் அந்த வேலையை விட்டதற்கு என் மனைவிதான் காரணம். அவள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வேறொரு வெடிக் கம்பெனியில் சரவெடிக்குச் சரம் பின்னுகிறாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே வெடிக் கம்பெனிக்குப் போக மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒருத்தராவது மிஞ்ச வேண்டும். இது வாய்விட்டுச் சொல்கிற விஷயம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சாம்பல் கல் கம்பெனி வந்தபோது அவள் சொன்னாள்: "வேற வேற கம்பெனின்னாலும் ரெண்டும் வெடிதான. நீங்க வெளிய வந்துருங்க. ஒரு ஆளு முழுசா வெளிய இருப்போம்."

அப்படித்தான் வெளியே வந்தேன்.

கல்லுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை அண்ணாச்சி எனக்குக் கொடுத்தார். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கும் பிடித்தது. ஹோஸைப் பிடித்து அடுக்கு அடுக்காக நனைத்துக்கொண்டே போவேன். வெயிலில் சூடாகிக் கிடக்கிற கல்லில் தண்ணீர் பட்டதும் ஒரு சத்தம் வரும், குழந்தை பால் உறிஞ்சுகிற மாதிரி. நாள் ஆக ஆகச் சத்தம் குறையும். இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் நன்றாக இறுகினது ணங்கென்று பாத்திரம் மாதிரிக் கேட்கும். இறுகாதது தொப்பென்று கேட்கும். நகத்தால் கீறினால் மாவு உதிரும்.

தண்ணீர்தான் எங்களுக்குப் பெரிய பாடு. கம்பெனியில் போட்ட போர்க் குழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும். டேங்கர் லாரி ஆனைக்குட்டம் பக்கத்துக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் விட்டுப் போகும்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து வெடிக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. அந்த இடைவெளியில்தான் கம்பெனிக்காரர்கள் புது அறை கட்டுவார்கள், இடிந்ததைச் சரி செய்வார்கள். அண்ணாச்சிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஏதோ ஒரு வெடிக் கம்பெனிக்கு என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பகல் முழுக்கக் கல் அடித்தோம். கிழக்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு அடுக்கு அடுக்காக நின்றது.

இரண்டு நாள்தான் ஒழுங்காக நனைத்தேன். அப்புறம் டேங்கர் வரவில்லை. எங்கேயோ ரோட்டு வேலைக்குப் போய்விட்டது. மூன்று நாள் தொட்டியில் அடிமண்தான் இருந்தது. கல் வெளுத்துப்போய் நின்றது. நாலாவது நாள் மத்தியானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி ஆபீஸ் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே டேங்கர்காரரிடம் போனில் பேசினார். "ஏப்பா, இனி நீ வர வேண்டாம். மழை வருது. அது வந்து ஊத்தட்டும், உன்னையவிட நல்லா ஊத்தும்" என்று சிரித்தார். பிறகு பைக்கில் ஏறி விருதுநகர் போய்விட்டார்.

அவர் பேசினதை நான் கேட்டேன். காதால் கேட்டேன். ஆனாலும் முதல் துளி என் கையில் விழுந்தபோது நான் சாம்பல் கல் கம்பெனியில் இல்லை. பதினெட்டு வருஷம் நின்ற மேடையில் இருந்தேன்.

"மழை! மழை! மூடுங்க! எல்லாரும் ஓடியாங்க!"

என் குரலா என்று எனக்கே சந்தேகம். மிக்சரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மதினியும் மற்றப் பெண்களும் சேலையைச் சொருகிக்கொண்டு சாம்பல் குவியலை மூடி வைத்திருந்த தார்ப்பாயைக்கூட உருவிக்கொண்டு வந்தார்கள். சாம்பல் நனைந்து கரைந்தது. கல் நனையவில்லை. நாலு மூலையிலும் கிரஷர் கல்லைத் தூக்கி வைத்தோம். அத்தனை பேரில் ஒருத்தர்கூட எதற்கு மூடுகிறோம் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. மழை என்றால் மூட வேண்டும்.

மூடி முடித்து ஷெட்டுக்குள் ஒதுங்கினபோது மதினி ஈரத் தலையைத் தட்டிக்கொண்டே, "அட, கொழுந்தனாருக்கு வாயிருக்கு! இம்புட்டு நாளா எங்கன ஒளிச்சு வச்சிருந்தீரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மழை விடவில்லை. மூன்று நாள் யாரும் வேலைக்குப் போகவில்லை. வெடிக் கம்பெனி அடைத்திருந்ததால் மனைவியும் வீட்டில் இருந்தாள். நான் கத்தின கதையை அவளிடம் சொன்னேன். "நீங்களா? கத்தினீகளா? எங்க, ஒருக்கா கத்திக் காட்டுங்க" என்று பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரித்தாள். சந்தோஷமான மூன்று நாள் அது.

மூன்றாவது நாள் சாயங்காலம் வாசலில் கிடந்த எங்கள் கம்பெனிக் கல் ஒன்றைப் பார்த்தேன். துணி துவைக்க நான் எப்போதோ கொண்டுவந்து போட்டது. மழை அதன்மேல் விழுந்துகொண்டே இருந்தது. நல்லா குடிக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் கம்பெனியில் தார்ப்பாய் போட்டு மூடின கல் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடிந்ததும் யாருக்கும் முன்னால் ஓடினேன். தூரத்திலேயே நீலத் தார்ப்பாய் தெரிந்தது. மேலே குளம் மாதிரித் தண்ணீர் தேங்கி நின்றது. உருவி எறிந்தேன். உள்ளே கல் வறண்டு கிடந்தது. இரண்டை எடுத்துத் தட்டினேன். தொப்பென்றது. அப்போது சின்னத் தூறல் இருந்தது. எல்லாத் தார்ப்பாயையும் உருவித் தூறலில் திறந்து போட்டேன். மேலே ஈரம் படர்ந்து கறுத்தது. பார்க்கிறவர்களுக்கு மூன்று நாள் நனைந்த கல் மாதிரித்தான் இருக்கும்.

மதினி வந்தார். என் கையில் சுருட்டின தார்ப்பாய். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"பாவிகளா, தண்ணி குடிக்க வேண்டியதையா மூடிட்டோம்?"

நான் தலையாட்டினேன்.

"மூடி வச்சா உள்ள ஈரம் இருந்திருக்கும்ல?"

"உள்ள ஈரமே இல்லையே மதினி. மூணு நாளா காஞ்சுல்ல கிடந்துச்சு."

"அண்ணாச்சிகிட்ட சொல்லுவீரா?" என்று கேட்டார். நான் கையிலிருந்த தார்ப்பாயை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன். "நீரு எங்க சொல்லப் போறீரு" என்று அவரே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அது கேலியா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி வந்து அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். கையால் தடவினார், கை நனைந்தது. "நல்லா குடிச்சிருக்கு. இப்படி மூணு நாள் வானமே ஊத்துனா இருபத்தொரு நாளு எதுக்கு? கம்பெனிக்காரர் தலைமேல நிக்காரு. லோடு ஏத்துங்க" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது மூன்று வார்த்தைதான். அண்ணாச்சி, மூடிட்டேன், காஞ்சிருக்கு. இன்றைக்கு எழுத முடிகிறது. அன்றைக்கு என் கூச்சம் விடவில்லை. நான்தான் தார்ப்பாயை உருவினேன் என்பதும் சேர்ந்துகொண்டது. தெரியாமல் செய்த தப்பைச் சொல்லிவிடலாம். மறைத்த பிறகு சொல்வது வேறு.

இறக்குவதற்கு ஆள் போதாமல் என்னையும் லாரியில் ஏற்றினார்கள். கல்லின்மேல் உட்கார்ந்து போனேன். ஏழாயிரம்பண்ணை தாண்டி லாரி ஒரு மண் பாதையில் திரும்பியது. எனக்குத் தெரிந்த பாதை. மனைவிக்குக் காய்ச்சலாக இருந்தபோது ஒரு தடவை அவளைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். அதே வேப்ப மரம், அதே இரும்பு கேட்டு.

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏ அண்ணே, உம்ம வீட்டம்மா இங்கனதான வேலை பாக்காக? சொந்தக் கம்பெனிக்கே லோடு கொண்டாந்திருக்கீரு!" என்றார்.

உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுவில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தது. கொத்தனார் ஒரு கல்லைக் கையில் எடுத்துக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பாதியாக உடைந்தது.

"பரவாயில்லையே! செங்கல்லு ரெண்டு மூணு அடி கேக்கும். இது ஒரே அடியில சொன்ன பேச்சு கேக்குது. நல்ல கல்லுப்பா" என்று என்னைப் பாராட்டினார்.

"என்ன சுவரு கட்டுறீக?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில்தான் கேட்டிருப்பேன். இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்தது.

"தடுப்புச் சுவரு. அங்கன மருந்து அறை. இங்கன பின்னுற பொம்பளைக உக்காருவாக. அங்கன எதும் ஆச்சுன்னா இங்கன வரக் கூடாதுல்ல."

வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தடுப்புச் சுவருக்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது. அது எதையும் தாங்கிக்கொண்டு நிற்பதில்லை. ஒரே ஒரு நிமிஷத்துக்காக வருஷக்கணக்கில் நிற்கிறது. அந்த நிமிஷம் வராமலே போனால் அது பலமான சுவரா இல்லையா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

மிச்சக் கல்லை இறக்கினேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். செய்தது இதுதான். ஒவ்வொன்றாக என் கையால் இறக்கி அடுக்கி வைத்தேன்.

மறுநாள் அண்ணாச்சியின் ஆபீஸுக்குப் போய் நின்றேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். அவர் போனில் இருந்தார். வைத்துவிட்டு, "என்ன, நின்னுக்கிட்டே இருக்கீரு?" என்றார்.

"தண்ணி..." என்றேன்.

"டேங்கர் நாளைக்கு வந்துரும். அதுக்காகவா வந்தீரு? போம், போயி வேலையப் பாரும்." மறுபடி போன் அடித்தது. நான் வந்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்குத் தோன்றினது ஒன்றுதான். கட்டின சுவரானாலும் நனைத்தால் கொஞ்சமாவது இறுகும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை கொத்து வேலை கிடையாது. அந்தக் கம்பெனி வாட்ச்மேன் எனக்குச் சித்தப்பா முறை. போய் நின்றேன்.

"என்னலே இங்க?"

"சுவத்துக்குத் தண்ணி ஊத்தணும் சித்தப்பா."

"கொத்தனாரு சொன்னாரா?"

தலையை ஆட்டினேன். அது ஆமாம் இல்லை என்று எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவர் என் சட்டைப் பையைத் தடவி பீடி, தீப்பெட்டி இல்லை என்று பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். "முப்பது வருசமா இங்கன இருக்கேன். வெடிக் கம்பெனிக்குள்ள தண்ணி ஊத்த அனுமதி கேட்டு வந்த மொத ஆளு நீதாம்லே" என்றார்.

ஒவ்வொரு அறை வாசலிலும் தீ அணைக்கத் தண்ணீர் டிரம் வைத்திருப்பார்கள். அதில் மொண்டு ஊற்றினேன். எடுத்த தண்ணீரை மறுபடி நிரப்பி வைக்க வேண்டும் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிணறு தொலைவில் இருந்தது. குடம் குடமாகச் சுமந்தேன். சுவர் உறிஞ்சியது. அந்தச் சத்தம் கேட்டது. கேட்டபோது நம்பிக்கையாக இருந்தது. ஆனால் நான் குள்ளம். கை எட்டுகிற வரைக்கும்தான் ஒழுங்காக ஊற்ற முடிந்தது. மேல் வரிசைகளுக்குக் குடத்தைத் தூக்கி எறிகிற மாதிரி வீசினேன். பாதி என் தலையில் விழுந்தது.

நாலு ஞாயிற்றுக்கிழமை போனேன். வேலை விட்டு வருகிற வழியிலும் சில நாள் எட்டிப் பார்த்து ஊற்றினேன். ஐந்தாவது ஞாயிறு போனபோது போர்மேன் நின்றுகொண்டிருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தயாராக வைத்திருந்தார்கள்.

"யாருய்யா நீ? யாரு உன்னையத் தண்ணி ஊத்தச் சொன்னது?"

"கல்லு கம்பெனி ஆளுங்கய்யா."

"போதும்யா. இன்ஸ்பெக்சன் வருது. அடுத்த வாரம் மருந்து இறக்கணும். இங்கன ஈரமே இருக்கக் கூடாது. சுவரு காயட்டும்."

"இன்னும் ஒரு வாரம் நனைஞ்சா..."

"ஏன்? கல்லுல எதும் கோளாறா?"

கேட்டுவிட்டார். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார். சித்தப்பா பக்கத்தில் நின்றார். அனுமதி கொடுத்தது அவர். நான் சொன்னால் முதலில் அவர் வேலை போகும். அண்ணாச்சி பெயர் கெடும், மதினி செட்டு மொத்தமும் வெளியே நிற்கும். இதெல்லாம் நியாயமான காரணங்கள் மாதிரித்தான் இருக்கின்றன. உண்மை என்னவென்றால், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியவில்லை.

"கல்லு புதுசுங்கய்யா. அதான்."

"எல்லாம் புதுசுதான். போ."

வெடிக் கம்பெனி திறந்து நாலைந்து நாள் கழித்து மனைவி வேலை விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் கையிலும் முன்தலையிலும் எப்போதும்போல அலுமினியப் பொடி மினுங்கியது.

"வாட்ச்மேன் மாமா சொன்னாக. எங்க கம்பெனிச் சுவத்துக்கு நாலு வாரமா தண்ணி ஊத்துனீகளாமே. என்னன்னு கேட்டாக்கா, பொண்டாட்டி மேல அம்புட்டுப் பாசம்னு பொம்பளைக எல்லாம் கேலி பண்றாளுக. என்னங்க அது?"

அவளிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் என்னால் பேச முடியும். டேங்கர் வராதது, நான் கத்தினது, மூடினது, தார்ப்பாயை உருவினது, எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வேற யாருகிட்ட சொன்னீக?"

"யாருகிட்டயும் சொல்லல."

"அப்ப எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம்."

எழுந்து முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"என்ன செய்யச் சொல்றீக? நிக்கச் சொல்றீகளா? நான் நின்னா அந்த இடத்துல வேற ஒருத்தி வந்து உக்காருவா. அவளுக்கும் பிள்ளைக இருக்கும்."

பானையை அடுப்பில் ஏற்றினாள்.

"எந்தப் பக்கமா உக்காரட்டும்? அதையாவது சொல்லுங்க."

கல் எந்த வரிசையில் எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அறைக்குள் எந்த மூலை நல்லது, எந்த மூலை கெட்டது?

"கதவுப் பக்கமா உக்காரு" என்றேன். வெடிக் கம்பெனியில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை அது.

மதினி ஒருத்தருக்கு மட்டும் அந்த லோடு எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கேலி செய்யவில்லை. எனக்கு அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் எங்காவது வெடி விபத்து என்றால் சத்தம் முதலில் காலில் தெரியும். அதன் பிறகுதான் காதில் கேட்கும். சாம்பல் கல் கம்பெனியில் அத்தனை கையும் நின்றுவிடும். புகை எந்தத் திசையில் எழுகிறது என்று எல்லோரும் பார்ப்போம். மேற்கே என்றால் மேற்கே வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்காரர்கள் ஓடுவார்கள், மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். நான் எந்தத் திசையானாலும் ஓடத் தொடங்கினேன். மதினிதான் ஒரு தடவை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அங்கன இல்ல. திருத்தங்கல் பக்கம். உம்ம வீட்டம்மா இருக்கிற பக்கம் இல்ல. உக்காரும்." அன்றைக்கு ஓடினவள் எங்கள் செட்டிலேயே ஒருத்தி. அவள் ஓடினதைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்தேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியின் விரல் நகத்தைப் பார்த்தேன். பொடி இருந்தது. ஆனால் மினுங்கவில்லை. மங்கலான நிறம். அந்த நிறம் எனக்குத் தெரியும். கம்பெனியில் என் உடம்பெல்லாம் ஒட்டுகிற சாம்பல் கல்லின் நிறம்.

நான் பார்ப்பதைப் பார்த்தாள். மறைக்கவில்லை.

"மத்தியானம் சாப்பிட வெளிய வரும்போது கொண்டை ஊசியால ஒருக்கா கீறிப் பாப்பேன். சுண்ணாம்பு அடிச்சிருக்குல்ல, அதுக்கு அடியில."

"எத்தன நாளா?"

"நீங்க சொன்ன மறுநாள்ல இருந்து."

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். "உதிருதா?"

"உதிருது. ஆனா முந்தி மாதிரி இல்லீங்க."

"ஆமா. மழை பட்டுப் பட்டு நாளாக நாளாக இறுகும்" என்றேன்.

எனக்குத் தெரியும், ஒரு தடவை நன்றாகக் காய்ந்துபோன கல் அதற்குப் பிறகு பெரிதாக இறுகாது. அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. முந்தி மாதிரி இல்லை என்று அவள் சொன்னதும் எனக்காகச் சொன்னதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது நல்ல சுவர் என்று ஆகிவிடாது. அவள் இன்னும் அங்கேதான் போகிறாள்.

மழை பெய்தால் அவளுக்கு வேலை கிடையாது. சீசன் நேரத்தில் வானம் கறுத்தால் எங்கள் தெருவில் எல்லோரும் வானத்தைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை. போன ஆவணியில் ஒரு சாயங்காலம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி வெடிக்காக உருட்டிக் காயப்போட்டிருந்த காகிதக் குழாய்களை எல்லோரும் சேர்ந்து அள்ளினோம். என் மனைவியும் அள்ளிக் கொடுத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன பெய்யுமா?" என்று கேட்டாள்.

"பெய்யும் போலத்தான் இருக்கு."

காற்று வந்தது. மண் வாசனைகூட வந்தது. உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். ஒரு துளி விழுந்தது. இன்னொன்றுக்காகக் காத்திருந்தோம். மேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து கோவில்பட்டிப் பக்கம் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி குழாய்களைத் திரும்பவும் கொண்டுவந்து வெயிலில் பரப்ப ஆரம்பித்தாள்.